1858 என்று பொறித்த ஜாடி: பழைய மேசன் ஜாடிகளை இனம் கண்டு வாங்குவது எப்படி?

ஒஹாயோவில் எஸ்டேட் சேல் என்றால் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வாசலில் வரிசை நிற்கும். வீட்டுக்காரர் காலமாகியிருப்பார், இல்லையென்றால் முதியோர் இல்லத்துக்குப் போயிருப்பார். உள்ளே இருக்கும் சாமான் அத்தனையிலும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். மற்றவர்கள் மேஜை நாற்காலியைப் பார்க்க ஓடும்போது நான் நேரே பேஸ்மென்ட் படியில் இறங்கிவிடுவேன். பழைய பண்ணை வீடுகளில் மேசன் ஜாடிகள், அதாவது பழமும் காயும் அடைத்துப் பதப்படுத்தி வைக்கும் கண்ணாடி ஜாடிகள், அங்கேதான் கிடக்கும். தூசி படிந்து, துத்தநாக மூடி வெளுத்துப்போய், சில சமயம் யாரோ எப்போதோ அடைத்து வைத்த பீச் பழத்தோடு.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படியொரு பேஸ்மென்டில்தான் முதல் ஜாடியை வாங்கினேன். நீலமும் பச்சையும் கலந்த வெளிர் நிறம். உடம்பில் "மேசன்ஸ் பேட்டன்ட், நவம்பர் 30, 1858" என்று புடைப்பெழுத்து. விலைச்சீட்டில் 75 டாலர். லிங்கன் ஜனாதிபதி ஆவதற்கு முந்தைய பொருள் 75 டாலருக்குக் கிடைக்கிறதே என்று மனசுக்குள் துள்ளிக்கொண்டு, பேரம்கூடப் பேசாமல் வாங்கி வந்தேன். அது 1890-களை ஒட்டிச் செய்த ஜாடி, 15 டாலர் பெறும் என்று தெரிய ஆறு மாதம் ஆனது. மிச்சம் 60 டாலரைப் படிப்புச் செலவில் எழுதிக்கொண்டேன்.

அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். ஜாடியில் என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கடைசியாகப் படியுங்கள். முதலில் வாய், அப்புறம் அடி, அப்புறம் நிறம். எழுத்துக்கு அதற்குப் பிறகுதான் முறை.

அந்த 1858-இன் கதை

கதை கொஞ்சம் தெரிந்தால்தான் ஜாடியைப் பார்க்கும்போது எதைத் தேடுகிறோம் என்பது புரியும்.

உணவைக் கண்ணாடியில் அடைத்துக் கொதிநீரில் வைத்துப் பதப்படுத்தும் முறையைக் கண்டவர் பிரான்சின் நிக்கோலா அப்பேர். மிட்டாய்க்காரர். பிரெஞ்சு அரசு கொடுத்த 12,000 பிராங்க், 1810-இல் அவர் கைக்கு வந்தது. அவர் பாட்டில்களை கார்க் வைத்து அடைத்தார். அமெரிக்காவில் கொஞ்ச காலம் வேறொரு வழி ஓடியது. ஜாடி வாயைச் சுற்றி ஒரு பள்ளம் இருக்கும். தகர மூடியை அதில் உட்காரவைத்து, சூடான மெழுகை ஊற்றி மூடுவார்கள். திறக்கும்போது மெழுகைச் சுரண்டி எடுக்க வேண்டும், பாதி உள்ளேயே விழும். இவற்றை மெழுகு ஜாடிகள் என்று சேகரிப்பவர்கள் தனி வகையாக வைத்திருக்கிறார்கள்.

ஜான் லாண்டிஸ் மேசன் ஒரு தகர வேலைக்காரர். 1858-இல் அவருக்கு வயது 26. திருகு மூடியை அவர் கண்டுபிடித்ததாகப் பலரும் சொல்வார்கள். உண்மையில் திருகு முன்னமே இருந்தது. மேசன் செய்தது சின்ன வேலை: திருகுப் புரியைத் தோள் வரை கொண்டுபோகாமல், அதற்கு முன்னாலேயே தேய்ந்து மறையவிட்டார். அதனால் மூடி கீழே இறங்கி, தோளின் மேல் ரப்பர் வளையத்தோடு அழுந்தி உட்கார முடிந்தது. காற்று போகாது. பேட்டன்ட் எண் 22,186.

அந்த பேட்டன்ட் 1879-இல் காலாவதியானது. அதற்குப் பிறகு கண்ணாடி உலை வைத்திருந்த எல்லாரும் மேசன் ஜாடி ஊதினார்கள். ஊதியதோடு நிற்காமல் "1858" என்ற தேதியையும் சேர்த்தே அச்சில் வெட்டினார்கள், ஏனென்றால் சமையலறைப் பெண்கள் அந்தத் தேதியைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். நம்மூரில் ஒரு கடை ஓடினால் பக்கத்துத் தெருவில் "ஒரிஜினல்" என்று பலகை போட்டு இன்னொரு கடை வருமே, அதே கதை. இருபதாம் நூற்றாண்டு பிறந்த பிறகும் இந்தத் தேதியோடு ஜாடிகள் வந்துகொண்டிருந்தன. உரிமையை முன்பே கைமாற்றிவிட்ட மேசன், 1902-இல் நியூயார்க்கில் வறுமையில் இறந்தார். அவர் பெயரைச் சொல்லி சம்பாதித்தவர்கள் வேறு ஆட்கள்.

வாயைத் தடவிப் பாருங்கள்

மூடியைக் கழற்றுங்கள். சுட்டுவிரலை வாய் விளிம்பின் மேல் மெதுவாக ஓட்டுங்கள். மெதுவாக என்றால் மெதுவாக. கூரான சில்லு இருந்தால் கிழித்துவிடும்.

விளிம்பு உப்புத்தாள் போலச் சொரசொரவென்று, தட்டையாக, மங்கலான வெண்மையோடு இருந்தால் அது தேய்த்த வாய். ஜாடியை வாயால் ஊதிய காலத்தின் அடையாளம். ஊதுபவர் உருகிய கண்ணாடியைக் குழாயில் எடுத்து இரும்பு அச்சுக்குள் இறக்கி ஊதுவார். அச்சு நிறைந்தபின் மேலே ஒரு குமிழ் பொங்கி நிற்கும். ஆறியதும் அந்தக் குமிழை உடைத்துவிட்டு, பிசிறாக நிற்கும் விளிம்பைச் சுழலும் சாணைக்கல்லில் வைத்துச் சமமாகத் தேய்ப்பார்கள். உங்கள் விரலில் படும் சொரசொரப்பு அந்தச் சாணைக்கல்லின் தடம்தான். அந்த வேலையில் ஓரத்தில் சின்னச் சின்னச் சில்லு பெயர்வது சகஜம். தேய்த்த வாயில் துளிகூடச் சில்லு இல்லையென்றால்தான் நான் சந்தேகப்படுவேன்.

விளிம்பு வழவழவென்று உருண்டையாக இருந்தால் இயந்திரம் செய்தது. மைக்கேல் ஓவன்ஸ் என்பவர் ஒஹாயோவின் டொலீடோ நகரில் உருவாக்கிய தானியங்கி இயந்திரம் 1903 வாக்கில் வந்தது. அதற்குக் கொஞ்சம் முன்பே அரைத் தானியங்கி இயந்திரங்கள் ஜாடித் தொழிலில் புகுந்திருந்தன. 1915 வாக்கில் தேய்த்த வாய் அநேகமாக மறைந்துவிட்டது. ஆக, விரலின் ஒரே ஓட்டத்தில் ஜாடி 1900-க்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்று தோராயமாகத் தெரிந்துவிடும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பழைய பாட்டில் சேகரிப்பவர்கள் ஒரு விதி சொல்வார்கள்: பக்கவாட்டில் ஓடும் அச்சுக் கோடு கழுத்தோடு நின்றால் கையால் செய்தது, வாய் வரை ஏறினால் இயந்திரம். பாட்டிலுக்கு இது பெரும்பாலும் சரி. தேய்த்த வாய் ஜாடிக்கு ஒத்துவராது. ஜாடியின் திருகுப் பகுதியும் அச்சுக்குள்ளேயே உருவானதால், கையால் ஊதினாலும் கோடு விளிம்பு வரை போகும். இந்த விதியை மட்டும் நம்பி நல்ல ஜாடியை வைத்துவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும்.

கவிழ்த்து அடியைப் பாருங்கள்

அடியில் கரடுமுரடான வட்டத் தழும்பு, கண்ணாடி பிய்ந்த மாதிரி இருந்தால், நிதானமாக மூச்சை இழுத்துவிட்டு விலைச்சீட்டைப் பாருங்கள். ஊதி முடித்த ஜாடியின் வாயைச் சீர்செய்ய, அடியில் ஒரு இரும்புக் கம்பியை ஒட்டிப் பிடித்த தடம் அது. பான்டில் தழும்பு என்பார்கள். பதப்படுத்தும் ஜாடிகளில் இது பெரும்பாலும் 1860-களுக்கு முந்தையது. எனக்கு இதுவரை ஒன்றும் சிக்கவில்லை.

நடுவில் அமையாமல் ஒருபக்கம் ஒதுங்கிய, ஓரம் இறகு போலப் பிசிறான வளையம் இருந்தால் அது ஓவன்ஸ் இயந்திரம் கண்ணாடியை உறிஞ்சி வெட்டிய இடம். பலர் இதைப் பான்டில் என்று சொல்லி விற்பார்கள். பான்டில் கையில் குத்தும். இது வெறும் கோடு.

அப்புறம் எண்கள். அடியில் 1 முதல் 15 வரை ஏதாவது ஒரு எண் இருக்கும். அது எந்த அச்சில் வார்த்தது என்பதற்கான அடையாளம், வருடமோ தரமோ கிடையாது. 13 என்று இருந்தால் மட்டும் கூடுதல் விலை சொல்வார்கள். 13 ராசியில்லாத எண் என்று அந்தக் காலப் பெண்கள் அந்த ஜாடிகளை உடைத்துப் போட்டுவிட்டார்கள், அதனால் அரிது என்பது கதை. அவ்வளவு சிக்கனமாகக் குடும்பம் நடத்திய பண்ணை வீட்டுப் பெண்கள் நல்ல ஜாடியை எண்ணைப் பார்த்து உடைத்தார்கள் என்றால் நான் நம்பமாட்டேன். மற்ற எண்கள் கிடைப்பது போலவே 13-ம் கிடைக்கிறது. கதைக்காக இரண்டு டாலர் கூடக் கொடுப்பதில் தப்பில்லை, இருபது கொடுக்காதீர்கள்.

நிறம்தான் பணம்

ஒரே அச்சு, ஒரே எழுத்து, ஒரே அளவு. ஒன்று 12 டாலர், இன்னொன்று ஆயிரக்கணக்கில். வித்தியாசம் நிறம் மட்டும்தான்.

மணலில் எப்போதும் கொஞ்சம் இரும்பு இருக்கும். அதனால் ஒன்றும் செய்யாமல் விட்டால் கண்ணாடி நீலப்பச்சையாக வரும். இதை அக்வா என்கிறார்கள். பழைய ஜாடிகளில் பெரும்பகுதி இந்த நிறம்தான், ஆகவே விலை குறைவு. இதைவிடக் கொஞ்சம் அழுத்தமான நீலத்துக்கு "பால் நீலம்" என்றே பெயர். குடிக்கும் பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பால் சகோதரர்களின் ஜாடிக் கம்பெனியைச் சொல்கிறேன். இண்டியானா மாநிலத்தில் மிச்சிகன் ஏரிக்கரையில் ஹூசியர் ஸ்லைட் என்றொரு பெரிய மணற்குன்று இருந்தது. இருந்தது என்றால் இப்போது இல்லை. கண்ணாடி உலைகளுக்கும் மற்ற வேலைகளுக்கும் ரயில் ரயிலாக அள்ளியே தீர்த்துவிட்டார்கள். பால் கம்பெனிக்கும் அங்கிருந்து மணல் போனது. ஒரு மலை கரைந்து ஊறுகாய் ஜாடிகளாக அமெரிக்கா முழுக்கச் சமையலறைகளில் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் நான் அவற்றைத் துடைப்பேன். 1937 வாக்கில் அவர்களும் நீலத்தை விட்டுவிட்டு நிறமற்ற கண்ணாடிக்கு மாறினார்கள்.

தேன் நிறம், அதாவது அம்பர், வெளிச்சத்தை மறைக்கும் என்பதற்காகச் செய்தது. குறைவாகவே செய்தார்கள், உள்ளே இருக்கும் பழம் தெரியாததால் வீட்டுப் பெண்களுக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். இன்று அதற்குத்தான் கிராக்கி. அம்பரிலும் வெளிர்த் தேன், கருந்தேன் என்று படிகள் உண்டு. ஆலிவ் பச்சை இன்னும் அரிது. கோபால்ட் நீலம், அந்த அடர்ந்த மைப்புட்டி நீலம், உச்சாணிக் கொம்பு. அசலான கோபால்ட் 1858 ஜாடி ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகும். எஸ்டேட் சேலில் கோபால்ட் ஜாடி 40 டாலருக்குக் கண்ணில் பட்டால், அது உங்கள் அதிர்ஷ்டமாக இருக்காது, போலியாகத்தான் இருக்கும்.

ஊதா நிறத்தில்தான் நான் இரண்டாவது தடவை ஏமாந்தேன். கதை இதுதான். நிறமற்ற கண்ணாடி வேண்டுமென்று அந்தக் காலத்தில் மாங்கனீசு சேர்ப்பார்கள். இரும்பின் பச்சையை அது மறைத்துவிடும். ஆனால் பல வருடம் வெயில் பட்டால் அந்த மாங்கனீசே மெல்ல ஊதாவாக மாறும். கண்டங்கத்திரிப் பூவைத் தண்ணீரில் ஊறப்போட்ட மாதிரி, மிக மெல்லிய சாயல். முதல் உலகப்போரை ஒட்டி மாங்கனீசின் இடத்துக்குப் பெரும்பாலும் செலினியம் வந்துவிட்டது. ஆகவே இயற்கையாக ஊதாவான ஜாடி என்றால் பழசு என்று அர்த்தம்.

இது தெரிந்த சிலர் சாதாரண ஜாடிகளைக் கதிர்வீச்சு அறைக்குள் அனுப்பி எடுக்கிறார்கள். சில நிமிடத்தில் திராட்சை ஜூஸ் நிறத்துக்கு வந்துவிடும். ஒரு பழம்பொருள் மாலில் வரிசையாக நான்கு ஜாடி, நான்கும் ஒரே அடர் ஊதா. 45 டாலர் கொடுத்து ஒன்றை எடுத்தேன். வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் வைத்தபோதுதான் மண்டையில் உறைத்தது: வெயில் நான்கு ஜாடியையும் இவ்வளவு ஒரே சீராகவா மாற்றும்? வாயும் வழவழப்பு. கதிர்வீச்சுப் பட்டதால் தொடப் பயப்பட வேண்டாம், ஜாடியில் கதிரியக்கம் தங்காது. ஆனால் சேகரிப்பவர்கள் யாரும் அதற்குக் காசு கொடுக்கமாட்டார்கள். இப்போது அதில் பேனா போட்டு வைத்திருக்கிறேன்.

கையில் ஒரு சின்ன புற ஊதா டார்ச் வைத்துக்கொள்ளுங்கள், பத்துப் பன்னிரண்டு டாலர்தான். மாங்கனீசு உள்ள கண்ணாடி இருட்டில் மங்கலான பச்சையாக ஒளிரும். எஸ்டேட் சேலில் பேஸ்மென்டில் டார்ச் அடித்தால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இப்போது எழுத்தைப் படிக்கலாம்

மேசன் என்ற சொல்லை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கூட இருக்கும் பெயரும் சின்னமும்தான் முக்கியம். எல்லா முத்திரைகளையும் இங்கே சொல்லி முடியாது. சேகரிப்பவர்கள் கையில் வைத்திருக்கும் ரெட் புக் என்ற விலைக் கையேட்டில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண் உண்டு. விற்பவர்களும் வாங்குபவர்களும் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசிக்கொள்வார்கள். வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தொடங்குபவருக்கு அதிகம் கிடைப்பது பால் ஜாடிகள் என்பதால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஐந்து சகோதரர்கள், அப்பாவின் சகோதரரிடம் 200 டாலர் கடன் வாங்கி 1880-இல் பஃபலோ நகரில் தொழில் தொடங்கியவர்கள். முதலில் மண்ணெண்ணெய் போன்றவற்றுக்கான தகர டப்பா, 1884 முதல் கண்ணாடி ஜாடி. தொழிற்சாலை தீப்பிடித்தபின், இயற்கை எரிவாயு தாராளமாகக் கிடைத்த இண்டியானாவின் மன்சி நகருக்கு 1887-இல் இடம்பெயர முடிவெடுத்தார்கள். பஃபலோ காலத்து ஜாடிகளில் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அதைப் பார்த்தால் விடாதீர்கள். கம்பெனி இன்றும் இருக்கிறது, ஆனால் 1993-இல் ஜாடித் தொழிலைப் பிரித்துவிட்டது. இப்போது அவர்கள் செய்வது குளிர்பான அலுமினிய கேன். ஜாடியில் அந்தப் பெயர் வருவது வேறொரு கம்பெனி உரிமம் பெற்றுப் போடுவது.

சரி, ஜாடியில் ஆங்கிலச் சாய்வெழுத்தில் "Ball" என்று எழுதிய அந்தப் பெயரை உற்றுப் பாருங்கள். கடைசி எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சுழி சேர்ந்து, மூன்று "எல்" இருப்பது போலத் தெரிந்தால் ஏறத்தாழ 1900 முதல் 1910 வரை. இரண்டாவது எழுத்தான "ஏ" கொஞ்சம் கீழே இறங்கி வழுக்கியது போல இருந்தால் 1910 முதல் 1923 வரை. பெயருக்குக் கீழே கோடே இல்லையென்றால் 1923 முதல் 1933 வரை. கோடு திரும்பவும் வந்திருந்து எழுத்து நேராக இருந்தால் 1933-க்குப் பிறகு. பழைய அச்சுகளைத் தேயும் வரை பயன்படுத்துவார்கள் என்பதால் இரண்டு மூன்று வருடம் முன்பின் இருக்கலாம். "பர்ஃபெக்ட் மேசன்" என்ற வரியும் நீல நிறமும் சேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் 1913-க்கும் 1937-க்கும் இடைப்பட்டது. கோடிக்கணக்கில் செய்த ஜாடி அது. அழகு உண்டு, அரிது இல்லை.

மற்றவற்றில் நான் ஆசையாகத் தேடுவது லைட்னிங் ஜாடி. கண்ணாடி மூடி, அதன் மேல் கம்பிக் கொக்கி, ஒரு நெம்பில் திறக்கும். சார்ல்ஸ் த கில்ஃபெல்ட் 1875-இல் பாட்டிலுக்காகக் கண்ட அடைப்பு அது. வெர்மான்ட் மாநிலத்து பென்னிங்டன் ஊரைச் சேர்ந்த ஹென்றி பட்னம் 1882-இல் ஜாடிக்கு ஏற்ப மாற்றினார். சில பீர் பாட்டில்களில் இன்றும் அந்தக் கொக்கியைப் பார்க்கலாம். அசல் லைட்னிங்கின் அடியில் பட்னம் பெயர் இருக்கும். அம்பரில் கிடைத்தால் மேஜையில் வைத்து அதன் பின்னால் விளக்கைப் போடுங்கள், அப்புறம் நீங்களே வாங்கிக் குவிப்பீர்கள்.

மூடி சொந்த மூடிதானா?

மேசனின் துத்தநாக மூடியில் ஒரு குறை இருந்தது. உள்ளே இருக்கும் புளிப்பு துத்தநாகத்தில் பட்டு, சாப்பாட்டில் உலோக வாடை வந்தது. 1869-இல் லூயிஸ் பாய்ட் என்பவர் மூடிக்குள் ஒரு வெள்ளைக் கண்ணாடித் தட்டைப் பொருத்தி இதைச் சரிசெய்தார். பழைய துத்தநாக மூடிகளைத் திருப்பிப் பார்த்தால் அந்த வெள்ளைத் தட்டில் அவர் பெயர் இருப்பதைப் பலதடவை பார்ப்பீர்கள். இவை தனியாகவே ஓரிரு டாலருக்குக் கிடைக்கும், ஆகவே 1858 ஜாடியில் மூடி இல்லையென்றால் கவலை வேண்டாம்.

கண்ணாடி மூடி ஜாடிகள் வேறு கதை. அம்பர் ஜாடிக்கு அம்பர் மூடி வேண்டும். அக்வா மூடியைப் போட்டு விற்றால் அது வேறு ஜாடியிலிருந்து எடுத்தது, விலையில் கணிசமாகக் குறைத்துக் கேளுங்கள். 1860-70-களில் விதவிதமான கவ்விகளும் திருகுகளும் கொண்ட வினோத ஜாடிகள் வந்தன. அவற்றில் அசல் கவ்வி இல்லையென்றால் பாதி மதிப்பு போயிற்று. கொக்கிக் கம்பி மட்டும் புதிதாக மாற்றியிருக்கலாம், அது பளபளப்பிலேயே தெரியும், பெரிய குறை இல்லை.

பழுது பார்ப்பது

ஜன்னலோரம் போய், ஜாடியைக் கண்ணுக்கு நேரே பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். விரிசல் ஒரு கோணத்தில் வெள்ளி இழை போலச் சட்டென்று மின்னும். விரலுக்குத் தட்டுப்படாத விரிசலும் மின்னும். விரிசல் இருந்தால் சாதாரண ஜாடிக்கு மதிப்பே இல்லை.

குமிழிகள், அலை அலையான மேற்பரப்பு, ஆறிய அச்சில் ஊதியதால் வரும் சுத்தியலால் தட்டிய மாதிரிச் சொட்டைகள், இவை எல்லாம் பழுதல்ல. இவற்றுக்காகவே கூடக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கண்ணாடிக்குள் சிக்கிய கல்லும் பரவாயில்லை, அதிலிருந்து விரிசல் கிளம்பியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

உள்ளே வெள்ளைப் படலம் இருந்தால் இரண்டில் ஒன்று. கடின நீரின் சுண்ணாம்பு என்றால் வினிகரில் ஓரிரவு ஊறவைத்தால் போய்விடும். கண்ணாடியே அரித்திருந்தால் எதிலும் போகாது. விற்பவர் "தேய்த்தால் போய்விடும்" என்பார். சிரித்துவிட்டு, "அப்படியானால் நீங்களே தேய்த்து வையுங்கள், அடுத்த வாரம் வருகிறேன்" என்று சொல்லலாம். வெளியே ஒரு சின்னத் தந்திரம்: விரலை நாக்கில் தொட்டு அந்த இடத்தில் தடவுங்கள். ஈரத்தில் படலம் மறைந்து காய்ந்ததும் திரும்பி வந்தால் அது பெரும்பாலும் அரிப்பு.

போலிகள்

1970-களிலேயே தேதியோடும் தேய்த்த வாயோடும் போலி 1858 ஜாடிகள் வந்துவிட்டன. கோபால்ட், அம்பர், பச்சை என்று காசு பெறும் நிறங்களில்தான் வரும், யாரும் அக்வாவில் போலி செய்து நேரத்தை வீணாக்குவதில்லை. கண்ணாடி ஒரே சீராக, குமிழி இல்லாமல், அடியில் தேய்மானமே இல்லாமல் இருக்கும். நூறு வருடம் அலமாரியில் இழுபட்ட ஜாடியின் அடி விளிம்பில் மெல்லிய கீறல்கள் கட்டாயம் இருக்க வேண்டும்.

ஏமாற்றும் எண்ணம் இல்லாமல் வந்த நினைவு ஜாடிகளும் உண்டு. 1976-இல் அமெரிக்க சுதந்திரத்தின் 200-ஆவது ஆண்டுக்கென்று நீல ஜாடி வந்தது. 2013-இல் பர்ஃபெக்ட் மேசனின் நூற்றாண்டு என்று நீலம், அடுத்த இரு வருடங்களில் பச்சையும் ஊதாவும். 2013 ஜாடியின் உடம்பிலேயே "1913–2013" என்று இருக்கிறது. இருந்தும் பழையது என்று சொல்லி அதை என்னிடம் 30 டாலருக்கு நீட்டினார்கள். ஜாடியைச் சுற்றித் திருப்பிப் பார்க்காதவர்களுக்கு இப்படித்தான் நடக்கும்.

எவ்வளவு கொடுக்கலாம்?

கீழே சொல்வது நான் கொடுத்த, கொடுக்க மறுத்த விலைகள். ஊருக்கு ஊர் மாறும். அளவு ஞாபகம் இருக்கட்டும்: பைன்ட் என்பது 473 மில்லி, குவார்ட் 946 மில்லி, அரை கேலன் 1.89 லிட்டர்.

நீல பர்ஃபெக்ட் மேசன் குவார்ட் 5 டாலர், நல்ல நிறமென்றால் 8. அக்வா 1858 குவார்ட் 10 முதல் 20. அதே ஜாடி பைன்ட் அளவில், மிட்ஜெட் என்பார்கள், இரண்டு மூன்று மடங்கு. அம்பர் லைட்னிங் குவார்ட், சொந்த மூடியோடு, 50 முதல் 100. அம்பர் 1858 சில நூறு. அதற்கு மேல் போவதெல்லாம் ஏலக்கூடத்தில்தான், அங்கே போகும் முன் ஒரு வருடமாவது கண்ணைப் பழக்குங்கள்.

இணையத்தில் பார்க்கும் கேட்பு விலையை நம்பாதீர்கள். 13 எண் ஜாடிக்கு ஆயிரம் டாலர் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். விற்று முடிந்த விலையை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். அதைவிட நல்லது, சேகரிப்பவர்கள் கூடும் கண்காட்சிக்கு ஒருமுறை போவது. மன்சியில் ஜாடிக்கென்றே கண்காட்சி நடக்கிறது. மேஜைக்குப் பின்னால் எழுபது வயதுத் தாத்தாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். "இது என்ன" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அரை மணி நேரம் வகுப்பு எடுப்பார்கள். என் முதல் ஜாடியின் உண்மை விலையை அப்படி ஒருவர்தான் சொன்னார். சொல்லிவிட்டு தன் மேஜையிலிருந்து ஒரு துத்தநாக மூடியைச் சும்மா கொடுத்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு

டிஷ்வாஷரில் போடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திர சோப்பு, பாட்டில் பிரஷ், சிங்கில் ஒரு துண்டு விரித்து அதன் மேல் கழுவுங்கள். குளிர்காலத்தில் காரிலிருந்து எடுத்து வந்த ஜாடியில் உடனே சுடுதண்ணீர் ஊற்றினால் டப்பென்று பிளக்கும். என் ஒரே ஆலிவ் பச்சை ஜாடியை அப்படித்தான் இழந்தேன். அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

உணவைப் பதப்படுத்த இவற்றைப் பயன்படுத்தக் கூடாது. அமெரிக்க வேளாண் துறையே துத்தநாக மூடியையும் கொக்கி ஜாடியையும் வேண்டாம் என்கிறது. காற்றுப் புகாமல் மூடியதா என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள வழியில்லை. பருப்பு, பொத்தான், சில்லறைக் காசு போட்டு வைக்கலாம். ஊரிலிருந்து வந்த அம்மா என் அலமாரியைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, ஊறுகாய் ஜாடிக்கா இவ்வளவு காசு? நம்ம வீட்டுப் பரண்ல பீங்கான் ஜாடி ஆறு கெடக்கே" என்றார். மறுநாள் காலையில் அம்பர் லைட்னிங் ஒன்றில் புளி இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. கொக்கி ஜாடியில் புளி நன்றாகவே இருக்கிறது.

ஜன்னலில் அடுக்கினால் அழகுதான், ஆனால் நிறமற்ற பழைய ஜாடிகளை அங்கே வைக்காதீர்கள், வருடங்கள் போகப்போக ஊதா ஏறும். விற்க நினைத்து அனுப்பினால் பெட்டிக்குள் பெட்டி வையுங்கள், இடையில் இரண்டு அங்குலமாவது நுரை இருக்கட்டும். மூடியை ஜாடியில் மாட்டி அனுப்பாமல் தனியாகச் சுற்றி வையுங்கள். வழியில் ஜாடியை உடைப்பது பெரும்பாலும் அதன் சொந்த மூடிதான்.